டி.சி.யில் வரும் ஐந்து பேர்

காய்ச்சலுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருபவரிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், பாதிப் பேர் சொல்வது "ரத்தத்துல கிருமி இருக்காம்". ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் அதில் கிருமி என்ற பேச்சே இருக்காது. மொத்த வெள்ளையணு 12,400 என்று தடித்த எழுத்தில் இருக்கும், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போட வேண்டும், அல்லது அந்தந்தக் கிருமிக்கான சோதனை செய்ய வேண்டும். இந்த எண் கணக்கிட்டது உடம்பின் சொந்த அணுக்களை. அவை கூடியதற்குக் கிருமி காரணமாக இருக்கலாம். முந்தின நாள் போட்ட ஸ்டீராய்டு ஊசியாகவும் இருக்கலாம், பிரசவ வலியாகவும் இருக்கலாம், ஓடி வந்த களைப்பாகக்கூட இருக்கலாம்.

மொத்த எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குக் கீழே உள்ள ஐந்து வரிகள்தான். நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் என்று வெள்ளையணுவின் ஐந்து வகைகள். லேப்காரர்கள் டி.சி. (டிஃபரன்ஷியல் கவுன்ட்) என்று சொல்வது இதைத்தான். யார் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கு அது. அதை வாசிக்க ஒரு பெருக்கல் தெரிந்தால் போதும். பல ரிப்போர்ட்கள் அந்தப் பெருக்கலைச் செய்யாமலே வருகின்றன. குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ரத்தம் எடுத்த டியூபை அசையாமல் நிறுத்தி வைத்தால் சிவப்பு கீழே இறங்கும், வைக்கோல் நிறத் திரவம் மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே பாலாடை போல ஒரு மெல்லிய வெளிறிய படலம் தெரியும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சிவப்பணு 45 முதல் 50 லட்சம் வரை. வெள்ளையணு பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை. ரிப்போர்ட்டில் கன மில்லிமீட்டர் என்று போட்டிருந்தாலும் அளவு இதேதான். ஆக, அறுநூறு எழுநூறு சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு.

இத்தனை சொற்பமாக இருப்பவற்றைக் கையால் எண்ண ஒரு பழைய முறை உண்டு. 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை 0.38 மில்லி டர்க் திரவத்தில் கலக்க வேண்டும். அதில் உள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களைக் கரைத்துவிடும், ஜென்ஷியன் வயலட் வெள்ளையணுவின் உட்கருவுக்கு நிறம் ஏற்றும். இப்போது ரத்தம் இருபதில் ஒரு பங்கு. கட்டம் போட்ட கண்ணாடியான நியூபார் சேம்பரில் ஒரு சொட்டு ஏற்றி, அணுக்கள் கீழே படிய இரண்டு நிமிடம் விட்டு, நான்கு மூலைக் கட்டங்களில் எண்ண வேண்டும். ஒவ்வொரு கட்டமும் 1 சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர். நான்கிலும் சேர்த்து வந்த எண்ணை 50-ஆல் பெருக்கினால் விடை. 160 எண்ணினால் 8,000. கட்டத்தில் ஓர் அணு தவறினாலும் விடையில் 50 போய்விடும் என்பதால் 7,950-க்கும் 8,050-க்கும் வித்தியாசம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

இன்று பெரும்பாலும் மெஷின்தான் எண்ணுகிறது. ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் மொத்த எண்ணில் அது கையைவிட நம்பகமானது. ஆனால் அதுவும் ஏமாறும். சிவப்பணுவைக் கரைத்த பிறகு மிஞ்சும் எதையும் வெள்ளையணு என்று எடுத்துக்கொள்ளக்கூடிய மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. தலசீமியா என்ற பரம்பரை ரத்த சோகை கடுமையாக இருப்பவரிடமும் பிறந்த குழந்தையிலும் உட்கருவோடு கூடிய இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் இருக்கும். அவை கரையாமல் நின்று கணக்கில் ஏறிவிடும். ஸ்லைடில் 100 வெள்ளையணு எண்ணும்போது கூடவே 100 இளம் சிவப்பணு தென்பட்டால், மெஷின் காட்டிய 20,000 உண்மையில் 10,000. தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டாலும் இதே கதை. அப்போது வெள்ளையணு கூடுதலாகவும் தட்டணு குறைவாகவும் ஒரே ரிப்போர்ட்டில் பொய்யாக வரும்.

மெஷினுக்குப் போகும் முன்பே நடக்கும் தவறுகளும் உண்டு. ஊதா மூடி டியூபில் இ.டி.டி.ஏ. என்ற உறையாமல் காக்கும் மருந்து ஏற்கனவே இருக்கும். 2 மில்லி கோடு வரை ரத்தம் எடுத்து, உடனே டியூபை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. கவிழ்க்காமல் விட்டால் சின்னச் சின்னக் கட்டியாக உறையும்; அணுக்கள் கட்டிக்குள் மாட்டிக்கொண்டு எண் குறையும். அரை மில்லி மட்டும் எடுத்தால் மருந்தின் விகிதம் கூடி அணுக்கள் சுருங்கும். குழந்தைகளிடம் ரத்தம் எடுக்கும்போது இந்த இரண்டும் அடிக்கடி நடக்கும்.

இனி ஸ்லைடு. எத்தனை லட்சம் கொடுத்து மெஷின் வாங்கினாலும் ஸ்மியர் போட, அதாவது கண்ணாடியில் ரத்தத்தை மெல்லிசாகப் பரப்பத் தெரிந்த கைக்கு வேலை குறைவதில்லை. 2, 3 மில்லிமீட்டர் அகலச் சொட்டு ஒன்றைக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, இன்னொரு கண்ணாடியை 30 முதல் 45 டிகிரி சாய்த்துப் பின்னே இழுத்துச் சொட்டைத் தொட வேண்டும். சொட்டு விளிம்பு நெடுக ஓடிப் பரவியதும் ஒரே மூச்சில் முன்னால் தள்ள வேண்டும். சரியான ஸ்மியர் நாக்கு வடிவில் இருக்கும், ஓரங்களில் இடம் விட்டிருக்கும், நுனி மயிலிறகு போல மெலிந்திருக்கும். சாய்வு கூடினால் தடிக்கும், குறைந்தால் மெலியும். தள்ளும்போது தயங்கினால் வரி வரியாக விழும்.

காய்ந்த ஸ்மியர் மீது லீஷ்மன் சாயத்தை ஊற்றி 2 நிமிடம் விட வேண்டும். அதிலுள்ள மெத்தனால் அணுக்களைக் கண்ணாடியோடு பிடித்து நிறுத்துகிறது. பிறகு அமில கார அளவு (பி.எச்.) 6.8-ல் நிற்கும் பஃபர் நீரை அதைப்போல இரண்டு மடங்கு சேர்த்து, ஊதிக் கலந்து, 8 முதல் 10 நிமிடம். நிறம் பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான். பஃபர் காரமாக இருந்தால் எல்லாமே நீலம் பாய்ந்து ஈசினோஃபிலின் ஆரஞ்சுத் துகள்கள்கூடச் சாம்பலாகத் தெரியும். அமிலமாக இருந்தால் உட்கரு வெளிறிப் போகும். மழைக்காலத்தில் சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களில் வேறொரு தொல்லை. ஸ்மியர் சீக்கிரம் காயாது, மெத்தனாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிவப்பணுவின் நடுவே பளபளக்கும் வளையங்கள் தோன்றும், வெள்ளையணுவின் உட்கரு மங்கலாகும். ஸ்மியரை விசிறிக் காய வைப்பதும் சாயப் பாட்டிலை இறுக மூடி வைப்பதும்தான் மருந்து.

இந்தச் சாயத்தின் பெயருக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் வில்லியம் லீஷ்மன் கல்கத்தா அருகே டம்டம்மில் இருந்துவந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்ட நுண்ணிய உருண்டைகளைப் பற்றி 1903-ல் எழுதினார். அதே ஆண்டு மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவனும் நோயாளிகளின் மண்ணீரலில் அவற்றைக் கண்டார். நீண்ட காய்ச்சலோடு மண்ணீரலை வீங்க வைக்கும் காலா அசார் நோயின் ஒட்டுண்ணி அது. இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார்கள். அந்த உருண்டைகள் ஒளிந்திருந்த இடம் மேக்ரோஃபேஜ், அதாவது வெள்ளையணுக் குடும்பத்தில் பெருந்தீனிக்காரர். அவரிடம் பிறகு வருவோம்.

ஸ்லைடில் எண்ணெய்ச் சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பின் எண்ணெய் லென்ஸுக்குக் கீழே வைத்ததும் முதலில் கண்ணில் படுவது நியூட்ரோஃபில். பெரியவர்களிடம் 40 முதல் 75 சதவீதம் அதுதான். பழைய ரிப்போர்ட்களில் பாலிமார்ஃப்ஸ் என்றிருக்கும். வெளிர் இளஞ்சிவப்பு உடல், மணல் தூவியது போன்ற மிக நுண்ணிய துகள்கள், நடுவே மெல்லிய நூலால் கோத்தது போல இரண்டு முதல் ஐந்து துண்டாக உட்கரு. பெண்களின் ரத்தத்தில் பொறுமையாகத் தேடினால், நூறில் இரண்டு மூன்று நியூட்ரோஃபிலின் உட்கருவில் முரசு கொட்டும் குச்சி போல ஒரு குட்டி மொட்டு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் உறங்கிப்போன ஒன்று சுருண்டு கிடப்பது அது.

உட்கருத் துண்டுகளை எண்ணுவது வெட்டி வேலை இல்லை. பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தவர்களின் நியூட்ரோஃபிலில் துண்டுகள் கூடும். நூறில் ஐந்துக்கு மேல் ஐந்து துண்டோடு இருந்தால், அல்லது ஒன்றே ஒன்று ஆறு துண்டோடு தென்பட்டால்கூட, பி12 பார்க்கச் சொல்லி எழுதிவிடலாம். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்கள், சர்க்கரை நோய்க்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் ஆகியோரிடம் இதைக் கட்டாயம் தேட வேண்டும்.

நியூட்ரோஃபிலின் ஆயுள் மிகக் குறைவு. எலும்பு மஜ்ஜையில் உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு வாரம். ரத்தத்தில் சுற்றுவதோ சில மணி நேரம். பிறகு திசுவுக்குள் போய் அங்கேயே முடிந்துவிடும். அதனால் மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ரத்தக்குழாயில் உள்ள நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழ பாதி சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஊசியில் வருவது நடு ஓட்டத்தில் போகிற மறுபாதி மட்டும். கடுமையாக ஓடினாலோ, பயந்தாலோ, வலியில் துடித்தாலோ ஓரத்தில் நின்றவை ஓட்டத்தில் கலந்துவிடும். ஒரு அணுவும் புதிதாகப் பிறக்காமலே எண் எகிறும். ஸ்டீராய்டு சாப்பிட்ட சில மணி நேரத்தில் கவுன்ட் 15,000-ஐத் தாண்டுவதற்கும் பெரும்பங்கு இதுவே காரணம். மூச்சிரைப்புக்கு ஸ்டீராய்டு போட்ட மறுநாள் எடுத்த கவுன்ட்டைக் காட்டி ஆன்டிபயாடிக்கை மாற்றுவதற்கு முன், மருந்துச் சீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நிஜமான பாக்டீரியா தாக்குதல் வேறு மாதிரி இருக்கும். காயம்பட்ட இடத்துத் திசு ரசாயனச் செய்தி அனுப்புகிறது. நியூட்ரோஃபில் குழாய்ச் சுவரில் உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நின்று, செல்களுக்கு நடுவே உடலைப் பிதுக்கி வெளியேறி, அந்த வாசனை பிடித்து ஊர்ந்து போகிறது. கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கி, உள்ளே ஒரு பையில் அடைத்து, ஆக்சிஜனிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் அதிலிருந்து ஹைபோகுளோரஸ் அமிலமும் செய்து அதன் மேல் கொட்டுகிறது. துணி வெளுக்கும் பிளீச்சிங்கில் வேலை செய்யும் சரக்கு இதே அமிலம்தான். அதைச் செய்யும் என்சைமின் பெயர் மைலோபெராக்சிடேஸ். அதன் நிறமே பச்சை. சீழும் சளியும் பச்சையாக இருப்பது செத்து விழுந்த நியூட்ரோஃபில்களால். ஆகவே "சளி பச்சையா வருது" என்பதற்கு நியூட்ரோஃபில்கள் நிறைய வந்து செத்திருக்கின்றன என்று மட்டும்தான் பொருள். வைரஸ் சளியிலும் அது நடக்கும். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் வாங்குவது சரியில்லை.

இந்த விழுங்கும் வேலையை முதலில் அடையாளம் கண்டவர் ரஷ்ய உயிரியலாளர் இலியா மெட்ச்னிகாஃப். 1882-ல் சிசிலித் தீவின் மெசினாவில், ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் லார்வாவுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை, முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்திருந்தன. காலில் முள் குத்தி இரண்டு நாள் எடுக்காமல் விட்டவர்கள் அதே காட்சியைச் சீழ்க் கொப்புளமாகப் பார்த்திருப்பார்கள். 1908-ல் நோபல் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்ட பால் எர்லிக்தான், சாயங்களைக் கொண்டு வெள்ளையணுக்களை வகை பிரித்தவர். ஈசினோஃபில் என்ற பெயர் ஈயோசின் சாயத்தை விரும்பி ஏற்பதால் வந்தது.

தாக்குதல் கடுமையானால் மஜ்ஜை கிடங்கைத் திறந்துவிடும். முதிராத நியூட்ரோஃபில்களும் வெளியே வரும். அவற்றின் உட்கரு துண்டாகாமல் வளைந்த பட்டை போல இருக்கும். ரிப்போர்ட்டில் பேண்ட் என்றோ இடப்பக்க நகர்வு என்றோ குறிப்பு வரும். கூடவே துகள்கள் கருத்துத் தடித்திருக்கும், உடலில் குமிழிகள், ஓரத்தில் வெளிர் நீலத் திட்டு. 11,500 கவுன்ட்டோடு இந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கும் ஸ்லைடு, எந்த மாற்றமும் இல்லாத 18,000 ஸ்லைடைவிட என்னைக் கவலைப்படுத்தும். கிருமித் தொற்று முற்றிய நிலையில் கவுன்ட் 4,000-க்குக் கீழே போவதும் உண்டு. வயதானவருக்குக் காய்ச்சல், பிதற்றல், கவுன்ட் 3,200 என்றால் "கவுன்ட் ஏறலை, பயமில்லை" என்று ஆறுதல் சொல்லக் கூடாது; அது அவசரம்.

இப்போது அந்தப் பெருக்கல். சதவீதம் என்பது பங்கு, எண்ணிக்கை வேறு. ஒருவர் குறைந்தாலே மற்றவரின் சதவீதம் தானாக ஏறும். டெங்குவின் மூன்றாம் நாள் ரிப்போர்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மொத்தம் 3,000, நியூட்ரோஃபில் 35, லிம்ஃபோசைட் 60. "லிம்ஃபோசைட் ஜாஸ்தி" என்று சிவப்பில் வட்டமிட்டிருப்பார்கள். பெருக்கிப் பாருங்கள். 3,000-ல் 60 சதவீதம் 1,800. பெரியவருக்கு 1,000 முதல் 4,000 வரை இயல்பு, ஆக அதில் கோளாறில்லை. நியூட்ரோஃபில் 1,050; 2,000-ஆவது இருந்திருக்க வேண்டும். குறைந்தது நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் கூடவே இல்லை. டெங்குவில் தட்டணு சரிவதற்கு முன்பே வெள்ளையணு படிப்படியாக இறங்குவது வழக்கம். காய்ச்சல் தொடங்கி மூன்று நாளில் 7,000, 4,500, 2,800 என்று இறங்கினால், தட்டணு இன்னும் ஒன்றரை லட்சம் இருந்தாலும் அடுத்த இரண்டு மூன்று நாளைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும்.

சதவீதத்தை நம்பக்கூடாததற்கு இன்னொரு காரணம், ஸ்லைடில் நூறு அணுக்களைத்தான் எண்ணுகிறோம் என்பது. நூறில் ஐந்து ஈசினோஃபில் கிடைத்தால், உண்மை 1-க்கும் 12-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். போன வாரம் 4, இந்த வாரம் 7 என்றால் நோய் கூடிவிட்டது என்று பொருளில்லை. எண்ணும் இடமும் முக்கியம். பெரிய அணுக்கள் ஸ்மியரின் ஓரத்துக்கும் நுனிக்கும் இழுபட்டுப் போகும், லிம்ஃபோசைட் நடுவில் தங்கும். நடுவே மட்டும் எண்ணினால் லிம்ஃபோசைட் கூடும். அதனால் கோட்டைச் சுவர் போல மேலேறி, பக்கவாட்டில் நகர்ந்து, கீழிறங்கி என்று எண்ணிக்கொண்டு போவார்கள்.

சின்னக் குழந்தைகளுக்குக் கணக்கே வேறு. பிறந்த அன்று நியூட்ரோஃபில் மேலே இருக்கும், மொத்தம் 20,000 தாண்டியும் இருக்கும். முதல் வாரத்துக்குள் லிம்ஃபோசைட் மேலே வந்துவிடும். நாலைந்து வயது வரை அதுதான் பெரும்பான்மை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு லிம்ஃபோசைட் 60 என்றால் அது இயல்பு. பெரியவர்களுக்கான அளவை ரிப்போர்ட்டின் வலப்பக்கம் அச்சடித்து அம்புக்குறி போட்டுவிடுவதால் எத்தனையோ தாய்மார்கள் ராத்திரி தூங்காமல் இருக்கிறார்கள்.

லிம்ஃபோசைட்டை ஸ்லைடில் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். சிவப்பணுவைவிடச் சற்றே பெரிய உருண்டை, முழுக்க இருண்ட உட்கரு, ஓரத்தில் பிறைபோலக் கொஞ்சம் நீலம். ஆனால் இந்த ஒரே முகத்துக்குப் பின்னால் மூன்று தொழில்காரர்கள் இருக்கிறார்கள், சாதாரணச் சாயத்தில் அவர்களைப் பிரிக்க முடியாது. பி வகை தன் கிருமியைச் சந்தித்ததும் பெருகி, பிளாஸ்மா செல்லாக மாறி, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புப் புரதங்களைக் கொட்டும். டி வகை நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பழகி வரும். அதில் ஒரு பிரிவு வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லும், சி.டி.4 என்ற இன்னொரு பிரிவு மற்ற எல்லோரையும் ஏவும். மூன்றாவதான என்.கே. செல், முன் அறிமுகம் இல்லாமலே சந்தேகப்பட்ட செல்லைத் தீர்க்கும். தொண்டைப் புண்ணுக்குக் கழுத்திலும், கால் புண்ணுக்குத் தொடையிடுக்கிலும் நெறி கட்டுகிறதே, அது இவர்கள் நிணநீர்க் கணுவில் கூடிப் பெருகுவதன் வீக்கம். இரண்டு மூன்று வாரத்தில் வடிய வேண்டும். வடியாமல், வலியில்லாமல், கல் போல வளர்ந்தால் காட்டியாக வேண்டும்.

சி.டி.4 இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எச்.ஐ.வி. காட்டியது. இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டறிந்தது 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். இயல்பாக 500-க்கு மேல் இருக்க வேண்டிய சி.டி.4, சிகிச்சை இல்லாமல் 200-க்குக் கீழே இறங்கும்போது, ஆரோக்கியமானவரை ஒன்றும் செய்யாத பூஞ்சையும் கிருமியும் நுரையீரலையும் மூளையையும் பிடிக்கின்றன. டி.சி.யில் லிம்ஃபோசைட் குறைவு என்று மட்டும்தான் தெரியும், சி.டி.4-ஐத் தனியாகத்தான் எண்ண வேண்டும்.

வைரஸ் காய்ச்சலில் லிம்ஃபோசைட்டுகள் உருமாறுவதும் உண்டு. உடல் பெரிதாகி, நீலம் கூடி, பக்கத்துச் சிவப்பணுவை அணைத்தபடி விளிம்பு வளைந்து கிடக்கும். டெங்குவில் இவை நிறைய தென்படும். மெஷின் இவற்றைப் பார்த்துத் தடுமாறி ஏதோ ஒரு எச்சரிக்கைக் குறி போடும். பழகாத கண்ணுக்கு இவை ரத்தப் புற்றுநோய் அணு போலவும் தெரியும். ஆறு மணி நேரம் மேஜையில் கிடந்த டியூபிலிருந்து ஸ்மியர் போட்டால் நல்ல லிம்ஃபோசைட்டின் உட்கருவே இலைபோலப் பிளந்து பயமுறுத்தும். ரத்தம் எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட வேண்டும் என்பதைக் கறாராகக் கடைப்பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

ஈசினோஃபில் நம் ஊரில் வீட்டுப் பெயர். "ஈஸ்னோபீலியா இருக்கு" என்று சொல்லாத தெரு கிடையாது. ஸ்லைடில் இதைப் போல அழகானது வேறில்லை: மூக்குக் கண்ணாடி போல இரண்டு துண்டு உட்கரு, உடல் முழுக்க மாதுளை முத்துப் போல உருண்டு திரண்ட ஆரஞ்சுத் துகள்கள். அந்தத் துகள்களில் இருப்பது புழுவின் தோலையே அரிக்கும் புரதங்கள். விழுங்க முடியாத அளவு பெரிய எதிரிக்காக இருப்பவர் இவர். அதே புரதங்கள் ஆஸ்துமாவில் நம் மூச்சுக்குழாயின் உள்தோலையும் அரிக்கின்றன.

இதிலும் சதவீதம் போதாது. 5,000-ல் 8 சதவீதம் 400, இயல்பு. 14,000-ல் 6 சதவீதம் 840, கூடுதல். 500-க்கு மேல் இருந்தால்தான் ஈசினோஃபீலியா. காலையில் உடம்பின் சொந்த ஸ்டீராய்டு உச்சத்தில் இருப்பதால் ஈசினோஃபில் குறைவாகவும், இரவில் கூடுதலாகவும் இருக்கும். மறுபடி எடுக்கும்போது அதே வேளையில் எடுங்கள். டைபாய்டு போன்ற கடும் தொற்றில் ஈசினோஃபில் ஸ்லைடிலிருந்தே காணாமல் போய், தேறும்போது திரும்பி வரும்.

மெஷினில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சின்ன லேப்களில் உள்ள மூன்று பிரிவு மெஷின், அளவை வைத்து அணுக்களைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மட்டும் பிரிக்கும். மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் எல்லாம் "மிட்" அல்லது "மிக்ஸ்டு" என்ற ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த வரியில் 9 என்றிருப்பதைப் பார்த்து ஈசினோஃபில் 9 என்று சொல்ல முடியாது. ஸ்லைடு பார்த்திருக்க வேண்டும், அல்லது ஐந்து பிரிவு மெஷின் வேண்டும்.

சில நூறு கூடுவது ஒவ்வாமையிலும் குடற்புழுவிலும் சாதாரணம். 3,000-ஐத் தாண்டி, மாதக்கணக்கில் இருமல், அதுவும் நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கும் இருமலும் இரைப்பும் என்றால் வேறு ஒன்றை நினைக்க வேண்டும். மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில், எக்ஸ்ரேயில் காசம் போலவே தெரிந்தும் காசம் இல்லாத, ஈசினோஃபில் எக்கச்சக்கமாக ஏறியிருந்த நோயாளிகளைப் பற்றி 1940-ல் பிரிமோட் மோலரும் பார்ட்டனும் எழுதினார்கள். யானைக்கால் புழுவின் குட்டிகள் நுரையீரலில் சிக்க, உடல் அளவு மீறிக் கொதிப்பதால் வருவது அது. குட்டிகள் நுரையீரலிலேயே அழிவதால் ராத்திரி ரத்தம் எடுத்தாலும் ஸ்லைடில் புழு தெரியாது. யானைக்கால் புழுவுக்கான டி.இ.சி. மருந்தை, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் வீதம், மூன்று வேளையாகப் பிரித்து, மூன்று வாரம் வரை கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்திலேயே இருமல் அடங்கும். ஆஸ்துமா என்று இன்ஹேலரோடு வருடக்கணக்கில் அலைபவர்களில் இதைத் தேடிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விட்டுவைத்தால் நுரையீரல் தழும்பாகிவிடும்.

ஈசினோஃபில் கூடியவருக்கு ஸ்டீராய்டு தொடங்கும் முன் மலப் பரிசோதனை செய்யச் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெறுங்காலோடு வயலில் நடப்பவரின் தோல் வழியே நுழையும் ஸ்டிராங்கிலாய்ட்ஸ் புழு, குடலுக்குள்ளேயே பெருகிப் பத்தாண்டுக் கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் கட்டுப்பாடு தளர்ந்து நுரையீரல், மூளை வரை பரவி உயிருக்கே உலை வைக்கும். ஸ்டீராய்டால் ஈசினோஃபில் எண்ணும் இறங்கிவிடுவதால், ரிப்போர்ட் குணமானது போலத் தோன்றும்.

மோனோசைட் ஸ்லைடில் பார்ப்பவற்றில் பெரியது. சாம்பல் நீல உடல், சிறுநீரகம் போல மடிந்த உட்கரு, வயிற்றில் வெற்றுக் குமிழிகள். ரத்தத்தில் ஓரிரு நாள்தான். திசுவில் குடியேறியதும் மேக்ரோஃபேஜ் என்று பெயர் மாறும். டோனவன் கண்ட ஒட்டுண்ணி குடியிருந்தது இவரிடம்தான். காச நோய்க் கிருமியை விழுங்கிவிட்டுச் செரிக்க முடியாமல் பல ஆண்டு சிறை வைத்திருப்பவரும் இவரே. பேசோஃபில் நூறில் ஒன்றுகூடக் கிடைக்காது. அதன் கருநீலத் துகள்கள் நீரில் கரைவதால், சாயம் கழுவும்போது போய்விடுவதும் உண்டு. ஒவ்வாமையில் அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினைச் சுமப்பவர். அவர் நூறில் நாலைந்து என்று தொடர்ந்து வந்தால் மட்டும் அலட்சியம் வேண்டாம். கவுன்ட் ஒரு லட்சம், பேசோஃபில் கூடுதல், எல்லா வயது நியூட்ரோஃபிலும் வரிசை கட்டி நிற்கின்றன, மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றால், அது சி.எம்.எல். என்ற நாட்பட்ட ரத்தப் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்று பெரும்பாலோர் தினம் மாத்திரை சாப்பிட்டு அதோடு நெடுநாள் வாழ்கிறார்கள். அந்த இமாட்டினிப் மாத்திரையின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-ல் நிராகரித்ததும், 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் ஏழைகளுக்குக் கிடைத்த பெரிய வாழ்வு.

கடும் ரத்தப் புற்றுநோயில் கவுன்ட் ஏறியே ஆக வேண்டும் என்பதில்லை. 2,000 ஆகவும் இருக்கலாம். அதை எண் காட்டாது, ஸ்லைடு காட்டும். பெரிய, வெளிறிய, நுண்மையான உட்கருவோடு கூடிய பிளாஸ்ட் என்ற முதிராத அணு ஒன்று தென்பட்டாலும் லேப் உடனே மருத்துவருக்குப் போன் செய்ய வேண்டும். ரத்த சோகை, தட்டணுக் குறைவு, வெள்ளையணுக் கோளாறு மூன்றும் ஒன்றாக வந்தால் ஸ்லைடு பார்க்காமல் ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது.

கடைசியாக, குறைந்துபோன நியூட்ரோஃபில். 1,500-க்குக் கீழே குறைவு, 500-க்குக் கீழே ஆபத்து. தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவர்களில் வெகு சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில், நியூட்ரோஃபில் திடீரென்று ஒன்றுமில்லாமல் போகும். தொண்டை வலியும் காய்ச்சலும்தான் முதல் அறிகுறி. அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கவுன்ட் எடுக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சீட்டு எழுதும்போதே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.

கீமோ போடும் வீடுகளில் இது இன்னும் அவசரம். பொதுவாக 7 முதல் 14-ஆம் நாள் வரை எண் அடிமட்டத்தில் இருக்கும். வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கட்டாயம். 101 டிகிரி ஒரு தடவை, அல்லது 100.4 ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் நேராக மருத்துவமனை, ராத்திரி இரண்டு மணியானாலும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருந்தால் காய்ச்சல் மட்டும் மறையும், தொற்று ஓடிக்கொண்டே இருக்கும். சீழ் வைக்காது, சிவந்து வீங்காது; வீங்க வைக்க நியூட்ரோஃபில் வேண்டுமே. ஆசனவாய் வழியாக மருந்தோ தெர்மாமீட்டரோ வைக்கக் கூடாது. எண்ணை ஏற்ற ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போட்டிருந்தால் இடுப்பும் முதுகும் குடைந்து வலிக்கும், அடுத்த ரிப்போர்ட்டில் கவுன்ட் 30,000 என்று முதிராத அணுக்களோடு வரலாம்; லேபுக்கு ஊசி விவரம் சொல்லாவிட்டால் அவர்கள் வேறு எதையோ சந்தேகப்படுவார்கள். அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல், முதல் ஆளிடமே "கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல் 101" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏறியிருக்க வேண்டும்.